பளிக்கறையும் படக்கருவியும்

காணாதன காணவேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு இயல்பாக அமைந்தது. தேரோட்டம் காண ஊர்கள் திரண்டு செல்வதும், பொருட்காட்சியின் மின்விளக்குகளைக் காணச் சிறார் தந்தையின் தோள்மீது ஏறி நிற்பதும், கடல் காணாத உள்நாட்டார் கடற்கரை சேர்ந்தவுடன் வாய்திறவாது நிற்பதும் இவ் வேட்கையின் பாற்பட்டனவே. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக மருட்கையை வைத்தார். அது புதுமையினாலும், பெருமையினாலும், சிறுமையினாலும், ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கத்தினாலும் தோன்றும் என்று நான்கு நிலைக்களனும் வகுத்தார். மருட்கையாவது வியப்பு. நகையும் அழுகையும் போல வியப்பும் வாழ்க்கைக்கு இன்றியமையாதது என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

இந் நான்கு நிலைக்களனையும் ஒரு கூரையின்கீழ்த் தொகுத்து, நுழைவுக் கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டும் இடங்கள் இன்று பெருநகரங்களிற் பல தோன்றியுள்ளன. சுவரும் தரையும் ஒன்றாய் இணையத் தீட்டிய ஓவியங்கள், சாய்ந்த அறைகள், எல்லையின்றி விரியும் கண்ணாடி அறைகள், சுழலும் ஒளிக்குகைகள் ஆகியன ஆண்டு உள. காண்பார் ஓவியத்தின் புறத்தே நின்று நோக்குவதோடு அமைவதில்லை. அதனுள்ளே புகுந்து, சிறகு தீட்டிய சுவரின்முன் தேவதையாகவும், வாய் பிளந்த சுறாவின்முன் இரையாகவும் நின்று, நிழற்படம் எடுத்துக்கொண்டு மீள்வர். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓவியர் ஏ. பி. ஸ்ரீதர் அமைத்த 'கிளிக் ஆர்ட்' காட்சிக்கூடம் இவ்வகையினது. குரோவேசியா நாட்டுச் சாகிரெப் நகரில் 2015ஆம் ஆண்டில் தோன்றிய மாயத்தோற்ற அருங்காட்சியகம் உலகின் பல நகரங்களிற் கிளை பரப்பியுள்ளது. இவை அனைத்திற்கும் பொதுவாக 'மாயக்காட்சி மண்டபம்' எனப் பெயரிட்டு மேற்செல்வேன்.

எம் விடுதியில் ஓரிரவு உணவின்பின் இம் மண்டபங்களைப் பற்றிச் சொற்போர் ஒன்று எழுந்தது. ஒரு சாரார், இவை பணத்தைப் பறித்துப் பொய்யை விற்கும் கடைகள் என்றும், கற்கும் மாணவர் ஆண்டுச் செல்லுதல் நாணத்தக்கது என்றும் உரைத்தனர். மற்றொரு சாரார், எவர்க்கும் தீங்கு விளையாத களியாட்டை இகழ்தல் அறிவுடைமை ஆகாது என்றும், அவ்வாறு இகழ்வார் தாம் செல்லப் பணமில்லாமையால் இகழ்கின்றனர் என்றும் விடையிறுத்தனர். இரு சாரார் கூற்றும் எனக்கு உடன்பாடு அன்று. மண்டபம் இகழ்தற்குரியது அன்று. பழம்பெருங் கலையொன்றின் வழித்தோன்றல் அது. ஆயின், நாம் ஆண்டுச் சென்று ஒழுகும் முறையினால், விலை கொடுத்து வாங்கிய வியப்பை நுகராமலே திரும்புகின்றோம். இஃது என் துணிபு. இதனை எனக்கு உணர்த்தியவர் 78 வயதுடைய என் ஆச்சி ஆவர்.

சென்ற கோடை விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து ஆச்சியை உடனழைத்துக்கொண்டு சென்னையிலுள்ள அத்தை வீட்டிற்குச் சென்றிருந்தேன். அத்தை மக்கள் மூவர், என் தங்கை, யான் ஆக ஐவரும் ஒருநாள் மாலை பேரங்காடி ஒன்றன் மேல்மாடியில் அமைந்த மாயக்காட்சி மண்டபத்திற்குப் புறப்பட்டோம். ஆச்சியைத் தனியே விட்டுச் செல்லலாகாது என்று அத்தை கூறியமையால் அவரையும் அழைத்துச் சென்றோம். உண்மை உரைப்பின், ஆச்சி இதனைக் காணவேண்டும் என்று எண்ணி எம்முள் எவரும் அழைத்திலர். ஆச்சிக்கு இடக்கண் ஒளியிழந்து ஆண்டுகள் பல ஆயின. "ஒத்தக் கண்ணுக்காரிக்கு அங்க என்னய்யா காட்சி?" என்று வழிநெடுக அவரே நகைத்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தினுள் ஒவ்வொரு காட்சியின் முன்னும் தரையில் இரண்டு குறிகள் இடப்பட்டிருந்தன. ஒன்று பாதச்சுவடு; படத்தில் நிற்பார் நிற்குமிடம் அது. மற்றொன்று படக்கருவியின் வடிவம். படம் எடுப்பார் நிற்குமிடம் அது. யாம் ஐவரும் சுவடு கண்ட இடமெல்லாம் ஏறி நின்றோம். பின்னால் வரிசை காத்திருந்தமையால் ஒரு காட்சிக்கு ஒரு நிமிடமும் முழுமையாகக் கிட்டவில்லை. படம் எடுப்போம், எடுத்த படத்தைக் கைப்பேசியில் நோக்குவோம், நன்றாயிராவிடின் மீண்டும் எடுப்போம், உடனே அடுத்த அறைக்கு விரைவோம். மண்டபத்தை நோக்கிய நேரத்தினும் கைப்பேசியை நோக்கிய நேரமே மிகுதி.

ஓரறையில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தீட்டப்பட்டிருந்தது. சுவரின் நடுவிற் தொடங்கித் தரையில் நெடுந்தொலைவு இறங்கிவந்த ஓவியம் அது. பள்ளத்தின் குறுக்கே பலகை முறிந்த பாலம் ஒன்று கிடந்தது. யாம் அதன்மீது நடந்தபொழுது, அது நீட்டி இழுத்துச் சிதைத்த வண்ணப்பூச்சாகவே எமக்குத் தோன்றிற்று. கால் நோவால் ஆச்சி தளர்ந்ததைக் கண்ட பணிப்பெண் ஒருத்தி, அன்புடன் ஒரு முக்காலியைக் கொணர்ந்து, படக்கருவிக் குறியின் அருகே இட்டு அவரை அமர்த்தினாள். என் தங்கை முறிந்த பலகையின்மேல் ஒற்றைக் காலில் நின்று கைகளை விரித்தாள். அக்கணமே ஆச்சி முக்காலியினின்று எழுந்து, "எய்யா, பிள்ளையைப் பிடி! விழுந்துரப் போறா!" என்று கூவினார்.

அறையிலிருந்தார் அனைவரும் நகைத்தனர். யாமும் நகைத்தோம். ஆச்சி செருப்பணிந்த காலால் தரையைத் தடவிப் பார்த்துத் தாமும் நகைத்தார். பின்னர், "படமா இது? கிடுகிடு பள்ளமால்லா தெரியுது" என்று கூறி மீண்டும் அமர்ந்துகொண்டார். யாம் அடுத்த இரண்டு அறைகளையும் முடித்துத் திரும்பும்வரை அவர் அப் பள்ளத்தாக்கையே நோக்கிக்கொண்டிருந்தார்.

அன்று அஃது எமக்கு ஒரு வேடிக்கை. விடுதிக்கு மீண்டபின், இயற்பியல் பயிலும் நண்பரொருவரிடம் இதனைக் கூறியபொழுதே அதன் காரணம் எனக்கு விளங்கிற்று. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தொலைவு உண்டு. ஆதலின் அருகிலுள்ள பொருளொன்றை இரு கண்களும் சிறிது வேறுபட்ட இரு தோற்றங்களாகக் காண்கின்றன. மூளை அவ் விரண்டையும் ஒன்றாக்கி, பொருளின் ஆழத்தையும் தொலைவையும் அறிகின்றது. இவ்வுண்மையை ஆங்கில அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838ஆம் ஆண்டில் தாம் அமைத்த கருவியொன்றால் மெய்ப்பித்துக் காட்டினார். தட்டையான தரையில் பள்ளத்தை எழுதினால், இரு கண்ணும் உடையார்க்கு அது தட்டையென்பது உடனே புலனாகிவிடும். ஒரு கண்ணால் நோக்குவார்க்கோ அச் சான்று கிட்டுவதில்லை. ஓவியன் கருதிய இடத்தில் அவர் அசையாது இருந்து நோக்கின், ஓவியம் பள்ளமாகவே ஆழ்ந்துவிடும்.

படக்கருவிக்கும் கண் ஒன்றே. மாயக்காட்சி மண்டபத்து ஓவியங்கள் நேரே காண்பார்க்குச் சிதைந்தும், நிழற்படத்தில் செவ்வையாகவும் தோன்றுதற்குக் காரணம் இதுவே. ஓவியன் அவற்றை ஓரிடத்திலிருந்து நோக்கும் ஒற்றைக் கண்ணுக்காக எழுதுகின்றான். எம் குழுவில் ஐவர்க்குப் பத்துக் கண்கள் இருந்தன. ஐந்து கைப்பேசிகளும் இருந்தன. ஓவியத்தைக் கண்டவர் ஆச்சி ஒருவரே. யாமும் குறியிட்ட இடத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பின், அவர் கண்ட பள்ளத்தை நாமும் கண்டிருப்போம். அவ்வாறு செய்யவேண்டும் என்பது எமக்குத் தோன்றவில்லை. எமக்காகக் கைப்பேசி கண்டது. யாம் கைப்பேசியைக் கண்டோம்.

ஏனைய அறைகளும் இவ்வாறே ஆராயத்தக்க நுட்பம் உடையன. ஒரு மூலையில் நிற்பார் அரக்கர்போலவும் மறுமூலையில் நிற்பார் குறளர்போலவும் தோன்றும் அறை ஒன்று உண்டு. ஓவியராயிருந்து பின்னர்க் கண்பார்வை ஆராய்ச்சியில் ஈடுபட்ட அடெல்பர்ட் ஏம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அமைத்தது அது. அவர் பெயராலேயே 'ஏம்ஸ் அறை' என வழங்குகின்றது. அவ்வறை சதுரமாகத் தோன்றும்; உண்மையில் ஒரு மூலை அண்மையிலும் மறுமூலை சேய்மையிலும் இருக்க, தரையும் கூரையும் சுவரும் கோணலாகக் கட்டப்பட்டிருக்கும். சிறு துளையின் வழியாக ஒரு கண்ணால் நோக்குமாறு அமைக்கப்பட்டது அது. 'அறை என்பது சதுரமானது' என்னும் பழக்கத்தை விடமாட்டாத நம் மூளை, மனிதரின் அளவை மாற்றிக்கொள்ள இசைகின்றது. தொல்காப்பியர் கூறிய பெருமையும் சிறுமையும் ஈண்டு ஓரறையில் நிற்கின்றன. கோணலான அடிப்படையை நேரானதெனக் கொண்டுவிட்டால் அதன்மீது நிற்பாரின் அளவெல்லாம் பிழைபடும் என்னும் பாடமும் உடன் நிற்கின்றது.

சுழலும் ஒளிக்குகையில், நாம் நடக்கும் பாலம் சிறிதும் அசைவதில்லை. சுற்றிலுமுள்ள உருளையே சுழல்கின்றது. ஆயினும் கால் தள்ளாடும். உடல் சுழல்கின்றது என்று கண் கூறுகின்றது. அசையவில்லை என்று செவியினுள் அமைந்த சமநிலை உறுப்புக் கூறுகின்றது. இரண்டனுள் எதனை நம்புவது என்று அறியாது மூளை மயங்குகின்றது. கண்ணை மூடிக்கொண்டால் தள்ளாட்டம் நின்றுவிடும். இதனையும் ஆச்சியே செய்து காட்டினார். என் கையைப் பற்றிக் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு நேரே நடந்தார். கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நடந்த அத்தை மகன் இருமுறை கம்பியில் மோதிக்கொண்டான்.

இம் மண்டபங்களைப் புதுக்காலத்துப் பித்து என்று இகழ்வார்க்கு இவற்றின் முன்னோர் வரலாற்றைக் கூறுதல் தகும். உரோமை நகரில் புனித இஞ்ஞாசியார் கோயில் கட்டப்பட்டபொழுது, கருதியிருந்த விமானம் எழுப்பப்படவில்லை. ஆந்திரேயா பொஸ்ஸோ என்னும் சேசு சபைத் துறவி, ஏறக்குறைய 17 மீட்டர் அகலமுள்ள துணியில் விமானத்தின் உட்புறத்தை வரைந்து 1685ஆம் ஆண்டில் ஆண்டுப் பொருத்தினார். கோயிலின் நடுக்கூடத்துத் தரையில் பதித்த வட்டக்கல்லின்மேல் நின்று அண்ணாந்து நோக்கின், உயர்ந்த விமானமும் அதன் சாளரங்களும் தோன்றும். அக் கல்லைவிட்டு நெடுந்தொலைவு விலகினால் விமானம் கோணி விழுவதுபோலாகும். மாயக்காட்சி மண்டபத்துத் தரையிலுள்ள குறிக்கு மூதாதை அவ் வட்டக்கல்லே. வேறுபாடு ஒன்று உண்டு: அக் கல் மனிதர் நின்று காண்பதற்காகப் பதிக்கப்பட்டது.

இராபர்ட் பார்க்கர் என்பவர், பார்ப்பாரைச் சுற்றி வட்டமாகச் சூழும் பேரோவியத்திற்கு 1787ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று, 1793ஆம் ஆண்டில் இலண்டன் இலெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே வட்டமாளிகை ஒன்றை எழுப்பினார். காண்பார் இருண்ட வழியாகப் புகுந்து, நடுவிலுள்ள மேடையை அடைவர். ஓவியத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மறைக்கப்பட்டிருக்கும். வேற்று நகரொன்றின் நடுவே நிற்பதாகவே அவர்கட்குத் தோன்றும். 1863ஆம் ஆண்டு வரை அக் காட்சி நடைபெற்றது.

பாரிசில் 1822ஆம் ஆண்டில் இலூயி தாகேர் என்பவர் மற்றொருவருடன் கூடித் 'தியோராமா' என்னும் மண்டபத்தைத் திறந்தார். ஒளி ஊடுருவும் துணியில் இருபுறமும் வண்ணம் தீட்டி, முன்னும் பின்னும் விழும் ஒளியை மாற்றுவதனால், காண்பாரின் கண்ணெதிரே பகல் இரவாகும். அமைதியாக அமர்ந்து, ஒரு காட்சியை ஏறக்குறைய கால்மணி நேரம் மக்கள் கண்டுகொண்டிருந்தனர். அம் மண்டபம் 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எரிந்து அழிந்தது. அதே ஆண்டு சனவரியில்தான், தாகேரின் மற்றொரு கண்டுபிடிப்பு உலகிற்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அதுவே நிழற்படம் எடுக்கும் முறை. மாயக்காட்சி மண்டபத்தை அமைத்தவரே நிழற்படத்தின் தந்தையருள் ஒருவராதலின், இவ் விரண்டும் ஒருவயிற்றுப் பிள்ளைகள் என்றே கூறலாம். ஒன்றையொன்று விழுங்காமல் காத்துக்கொள்வது நம் கடன்.

விழுங்கும் என்று யான் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சப்பானிய ஓவியர் யாயோய் குசாமா தம் முதற் கண்ணாடி அறையை 1965ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அமைத்தார். எதிரெதிர்க் கண்ணாடிகளில் ஓருருவம் பலவாய்ப் பெருகி, எல்லையில்லாத வெளியில் தான் ஒரு புள்ளியாய்க் கரைவதைக் காண்பார் உணரவேண்டும் என்பது அத்தகைய அறையின் நோக்கம். அவர்தம் பிற்கால அறையொன்று இலாஸ் ஏஞ்செலிஸ் நகரில் 2015ஆம் ஆண்டில் திறந்த பிராட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபொழுது, நெடுவரிசையில் காத்திருந்து புகுந்தவர்க்கு உள்ளே கிடைத்த நேரம் 45 நொடி. தோக்கியோவில் 2018ஆம் ஆண்டில் 'டீம்லேப்' குழுவினர் திறந்த எல்லையற்ற ஒளிமண்டபத்திற்கு முதல் ஓராண்டில் வந்தவர் ஏறக்குறைய 23 இலட்சம் பேர். அது 2022ஆம் ஆண்டில் மூடப்பெற்று, 2024ஆம் ஆண்டில் அந்நகரிலேயே வேறிடத்தில் மீண்டும் திறக்கப்பெற்றது. கூட்டம் பெருகுவது வியப்பின்மேல் மக்கட்குள்ள பசியைக் காட்டுகின்றது. ஆயின் 45 நொடியில் ஒருவர் கரைவதும் படம் எடுப்பதும் ஆகிய இரண்டையும் செய்யவியலாது. படத்தை எடுப்பார் தம்மைக் கரைக்கவும் மாட்டார். அறையின் நடுவே தாம் தெளிவாகத் தெரிகின்றோமா என்பதே அவர் கவலையாயிருக்கும்.

"நிழற்படம் நினைவைக் காப்பது அன்றோ? அதனை விலக்குக என்பாயோ?" என்று நண்பர் வினவலாம். விலக்குக என்று யான் கூறேன். பொய்த்திரையின்முன் நின்று படம் எடுத்துக்கொள்வதும் நம்மனோர்க்குப் புதிதன்று. எம் வீட்டுச் சுவரில் ஆச்சியும் தாத்தாவும் 1969ஆம் ஆண்டில், மணமான சில திங்களில், நகரத்துப் படக்கடையில் எடுத்துக்கொண்ட நிழற்படம் தொங்குகின்றது. அவர்கட்குப் பின்னே மாளிகையின் பளிங்குப் படிகளும் தூண்களும் பூங்காவும் தோன்றுகின்றன. அத்தனையும் திரையில் தீட்டியவை. அந்நாளில் அவர்களிருந்த வீட்டின் கூரை பனையோலை. தாத்தாவின் காலிலுள்ள பளபளப்பான காலணியும் கடைக்காரருடையதே. அஃது அவர் காலுக்கு இரண்டு அளவு சிறியது. படத்தில் அவர் முகத்திற் காணப்படும் பெருமிதம் காலணி கடித்த நோவே என்று ஆச்சி கூறி நகைப்பார். யான் சிறுவனாயிருந்த நாள்தொட்டு அக் கதையை எத்தனைமுறை கேட்டேன் என்று கணக்கிட்டிலேன். தாத்தாவை யான் கண்டதில்லை. ஆயினும் அவர் கால்நோவை அறிவேன்.

ஆதலின் திரை பொய்யாதலால் குற்றம் இல்லை. நிழற்படம் எடுப்பதனாலும் குற்றம் இல்லை. அந்த ஒரு படத்தோடு ஆச்சியின் குரல் உடன்வருகின்றது. அன்று மண்டபத்தில் யாம் எடுத்த படங்கள் 212. அவற்றோடு உடன்வரும் குரல் யாது? 'இங்கு நின்றோம், நகைத்தோம்' என்பதன்றி அவற்றைப் பற்றிக் கூற எமக்கு ஒன்றுமில்லை.

மணிமேகலைக் காப்பியத்தைக் கற்றார்க்கு இவ்விடத்தில் உவவனத்துப் பளிக்கறை நினைவிற்கு வரும். உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் பதிப்பித்து நமக்களித்த அந்நூலில், சீத்தலைச் சாத்தனார் அமைத்த பளிங்கு மண்டபத்திற்கு ஓர் அரிய இயல்பு கூறப்படுகின்றது. உள்ளிருப்பாரின் உருவம் புறத்தே தோன்றும். அவர்தம் ஓசை புறத்தே செல்லாது. உதயகுமரன் வருதலறிந்து சுதமதி மணிமேகலையை அதனுள்ளே புகவிடுகின்றாள். அவன் முதலில் பளிங்கில் தோன்றிய வடிவத்தை ஓவியமெனக் கருதி, அதனை நினைந்தியற்றியவன் உள்ளத்தை வியக்கின்றான். பின்னரே அது மணிமேகலை என்று தெளிகின்றான். தெளிந்தும், சுவரைத் தடவி வாயில் காணாது உழல்கின்றான். அவ் அரசிளங்குமரன் அவள் உருவத்தை முழுதும் கண்டான். அவள் உள்ளத்தில் அப்பொழுது நிகழ்ந்ததை அறிந்திலன்.

நாம் கையிற் கொண்டு திரியும் கைப்பேசியும் இத்தகைய பளிக்கறையே என்று எனக்குத் தோன்றுகின்றது. நண்பருடைய படங்களை நாள்தோறும் காண்கின்றோம். சிறகு விரித்தும், சுறாவாயில் சிக்கியும், மேகத்தில் மிதந்தும் அவர்கள் தோன்றுகின்றனர். அவர்கள் குரல் கேட்பதில்லை. பளிங்கைத் தடவிப் பார்த்து, விருப்பக் குறியிட்டு, அப்பாற் செல்கின்றோம். உள்ளிருப்பார் களித்திருந்தனரோ, கலங்கியிருந்தனரோ, யார் அறிவார்?

அன்றைய செய்தியில் எஞ்சியதையும் கூறிவிடுகின்றேன். திருநெல்வேலிக்கு மீண்டபின் ஒரு வாரம் வரை ஆச்சி அயல்வீட்டாரிடமெல்லாம் அப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசினார். அடியில் ஆறு ஓடிற்று என்றார். ஆற்றின் கரையில் வெள்ளாடு ஒன்று குட்டியோடு நின்றது என்றார். ஆடு ஒன்றும் இல்லை, ஆச்சி கற்பனை செய்கின்றார் என்று தங்கையும் யானும் மறுத்தோம். பின்னர்க் கைப்பேசியை எடுத்துப் பள்ளத்தாக்கின் படங்கள் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக நோக்கினோம். எல்லாவற்றிலும் எம் ஐவருள் யாரேனும் ஒருவர் நடுவே நின்று ஆற்றங்கரையை மறைத்துக்கொண்டிருந்தார். இறுதிப் படத்தில் மட்டும், அத்தை மகளின் முழங்கையருகே, இரண்டு சிறு கொம்புகள் தெரிந்தன.

அப் படங்களைத் தேடியபொழுது மற்றொன்றும் புலனாயிற்று. 212 படங்களுள் ஒன்றிலேனும் ஆச்சி இல்லை. யாம் படத்தில் நின்றபொழுதெல்லாம் அவர் படக்கருவிக்குப் பின்னே அமர்ந்திருந்தார். அவரை அழைத்துச் சிறகின்முன் நிறுத்தவேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. தம்மை நிறுத்துமாறு அவரும் கேட்டிலர். இதனை எழுதும்பொழுதும் எனக்கு நாணமாக உள்ளது. மண்டபத்தார்மேல் இக் குற்றத்தை ஏற்றலாகாது. அவர்கள் முக்காலி இட்டனர். யாம் அதுவும் செய்திலேம்.

இனி, என் கருத்தைச் செயலாக்கும் வழி யாது எனின், சில கூறுவேன். மாயக்காட்சி மண்டபம் செல்லும் மாணவர், ஒவ்வோர் அறையிலும் புகுந்தவுடன் கைப்பேசியை எடாது, முதலிற் படக்கருவிக் குறியில் நின்று ஒரு கண்ணை மூடி நோக்குவாராக. ஓவியன் கருதியது அப்பொழுது தோன்றும். அதன்பின் ஒரு படம் எடுப்பின் போதும். எடுப்பவரே எப்பொழுதும் எடுப்பவராய் இராமல், அவரும் மாறி நிற்க இடம் தருக. உடன்வந்த முதியோரை முதலில் நிறுத்துக. வீடு திரும்பியபின், ஒரு படத்தையேனும் ஒருவரிடம் காட்டி, ஆண்டு நிகழ்ந்ததை வாயால் உரைத்திடுக.

மண்டபம் நடத்துவார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஒவ்வொரு காட்சியின் அருகிலும், அது கண்ணை மயக்கும் முறையைத் தமிழில் எழுதிவைத்தால் சிறாரும் முதியோரும் பயன்பெறுவர். யாம் சென்ற மண்டபத்தில் நிற்குமிடத்திற்குக் குறி இருந்தது. ஓவியத்தை எழுதினவர் பெயர் இல்லை. நாட்கணக்கில் தரையிற் குந்தியிருந்து அப் பள்ளத்தாக்கை எழுதியவர் யாரென்பதை அறிய ஆச்சி விரும்பினார். அப் பெயரை ஒரு மூலையிலேனும் பொறித்தல் நன்று. கிழமைக்கு ஒரு மணி நேரமேனும் படம் எடாது காணும் நேரமாக ஒதுக்கினால், வருவார் எண்ணிக்கை குறையாது. வந்தவர் மீண்டும் வருவர் என்பது என் நம்பிக்கை.

நம் கல்லூரியிலும் இதற்கு இடமுண்டு. ஏம்ஸ் அறையின் சிறு வடிவத்தை அட்டைப்பெட்டி ஒன்றாலும் சிறிது வண்ணத்தாலும் அமைத்துவிடலாம். கல்லூரி நாளன்று இயற்பியல் மன்றத்தாரும் தமிழ்ப் பேரவையாரும் கூடி அத்தகைய பெட்டியொன்றைச் செய்து, துளையின் வழியே காட்டி, அருகில் அதன் இயல்பை விளக்கி எழுதிவைத்தால், கட்டணமின்றியே யாவரும் மருட்கையின் சுவையறிவர். துளை சிறிதாதலின், அதன்முன் கைப்பேசியைவிடக் கண்ணை வைப்பதே எளிது என்பது அதன் மற்றொரு நலம்.

கண்ணை மயக்கும் காட்சியைக் கண்டு வியத்தல் இழிவன்று. மயங்கியபின் ஏன் மயங்கினோம் என்று எண்ணுதல் அறிவு. கண்டதை மற்றொருவர்க்கு எடுத்துரைத்தல் அன்பு. இம் மூன்றையும் ஒற்றைக் கண்ணுடைய முதியாள் ஒருத்தி ஒரு மாலைப்பொழுதிற் செய்து முடித்தாள். வரும் விடுமுறையில் ஆச்சியை மீண்டும் அம் மண்டபத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். இம்முறை முக்காலியில் அமர்வது யான். முறிந்த பாலத்தின்மேல் நிற்பது அவர். ஆட்டையும் குட்டியையும் மறைக்காமல் சிறிது விலகி நிற்கவேண்டும் என்று அவர் இப்பொழுதே எனக்குக் கட்டளையிட்டுள்ளார்.